மாட்டுச் சந்தையிலிருந்து வசந்த விழாவுக்கு: செவில் ஏப்ரல் சந்தையின் உருமாற்றம் (1846–2025)

முன்னுரை

ஸ்பெயினின் தெற்கே ஆந்தலூசியாவின் தலைநகரான செவிலில், ஈஸ்டர் முடிந்து ஒன்றிரண்டு வாரங்களில் ஏப்ரல் சந்தை கூடுகிறது. குவாதல்கிவீர் ஆற்றின் மேற்குக் கரையில், லோஸ் ரெமேதியோஸ் பகுதியிலுள்ள திடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துணிக் கொட்டகைகள் வரிசை வரிசையாக எழுகின்றன. முகப்பில், ஒவ்வோர் ஆண்டும் புதிய வடிவில், பல்லாயிரம் மின்விளக்குகள் பொருத்திய பெரும் தோரணவாயில் நிற்கிறது. நள்ளிரவில் அந்த விளக்குகளை ஏற்றுவதோடு விழா தொடங்குகிறது. உள்ளே தெருக்களெங்கும் அல்பேரோ என்னும் மஞ்சள் மண் பரப்பியிருக்கிறார்கள். தலைக்கு மேலே காகித விளக்குச் சரங்கள். நண்பகலிலிருந்து மாலைவரை அலங்கரித்த குதிரைகளும் குதிரை வண்டிகளும் அத்தெருக்களில் உலா வருகின்றன. அடுக்கடுக்காகக் கொசுவம் வைத்த ஆடையில் பெண்கள், சிறுமியர், பாட்டிமார் என மூன்று தலைமுறையும் ஒரே கொட்டகையில் கைதட்டிப் பாடி, செவியானாஸ் என்னும் நடனம் ஆடுகிறார்கள்.

இந்தக் காட்சியை முதன்முறை காண்பவர் இதை மிகப் பழைய மரபென்றே எண்ணுவார். ஆவணங்கள் வேறொன்றைச் சொல்கின்றன. இன்றைய சந்தைக்கு நகரமன்றத்தில் மனு எழுந்தது 1846இல். முதல் சந்தை கூடியது 1847இல். காகித விளக்குகள் வந்தது 1870களில். கொட்டகைகளின் முகப்பு வடிவம் 1919ஆம் ஆண்டுக்குரியது. பெண்களின் ஆடை விழாவின் அதிகாரபூர்வ அடையாளமாக நிலைபெற்றது 1929ஐ ஒட்டி. இன்றைய திடலுக்கு விழா வந்தது 1973இல். பழைமையின் சின்னமாகத் தோன்றும் ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி உண்டு. பலவற்றுக்கு அதை உருவாக்கியவரின் பெயரும் உண்டு.

கால்நடை வணிகத்துக்காகத் திட்டமிடப்பட்ட ஒரு சந்தை எந்தெந்தக் கட்டங்களைக் கடந்து ஒரு நகரத்தின், பிறகு ஒரு நிலப்பகுதி முழுவதன் அடையாள விழாவாக மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சந்தையை நிறுவியவர்கள் நினைத்த நோக்கத்தை மக்கள் தொடக்கத்திலேயே தம் பக்கம் திருப்பிக்கொண்டார்கள் என்பதும், அதன்பின் ஒவ்வொரு தலைமுறையும் விழாவைத் திருத்தி எழுதியதாலேயே அது உயிரோடிருக்கிறது என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்துகள்.

பழைய சந்தைகளும் புதிய தேவையும்

செவிலுக்குச் சந்தை புதிதன்று. 1248இல் காஸ்தீல் மன்னர் மூன்றாம் ஃபெர்னாந்தோ நகரத்தை முஸ்லிம் ஆட்சியிடமிருந்து கைப்பற்றினார். அவருடைய மகன் பத்தாம் அல்போன்சோ 1254இல் ஆண்டுக்கு இரண்டு சந்தைகள் கூட்டிக்கொள்ள நகருக்கு உரிமை வழங்கினார். அந்தச் சந்தைகள் காலப்போக்கில் மறைந்துபோயின. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் அமெரிக்கக் கண்டத்தோடு நடத்திய வணிகம் முழுவதும் செவில் துறைமுகத்தின் வழியாக ஓடியபோது கால்நடைச் சந்தைக்காக நகரம் ஏங்கவில்லை. 1717இல் அந்த வணிகத்தின் தலைமையகம் காதிஸ் நகருக்குப் போனது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்பாலான அமெரிக்கக் குடியேற்றங்களும் ஸ்பெயினின் கையைவிட்டுப் போயின. செவில் மீண்டும் தன்னைச் சூழ்ந்த கோதுமை வயல்களையும் ஒலிவத் தோப்புகளையும் மேய்ச்சல் நிலங்களையும் நம்பி வாழும் நகரமாயிற்று.

நிலவுடைமையிலும் மாற்றம் வந்தது. 1836 முதல் மெந்திசாபால் அமைச்சரின் சட்டங்கள் துறவிமடங்களின் நிலங்களை அரசுடைமையாக்கி ஏலத்தில் விற்றன. அவற்றை வாங்கியவர்களில் பெரும்பாலோர் பணமுள்ள வணிகர்களும் தொழில்முனைவோரும். பெரும் பண்ணைகளை நடத்திய இந்தப் புதிய உடைமையாளர்களுக்கு உழவு மாடும் கோவேறு கழுதையும் குதிரையும் ஆடும் வாங்கவும் விற்கவும் பெரிய சந்தை தேவைப்பட்டது. செவிலிலோ அப்படி ஒன்று இல்லை. அருகிலிருந்த மைரேனா தெல் அல்கோர் என்ற சிற்றூர் 1441இலேயே அரச உரிமை பெற்று, ஏப்ரல் கடைசியில் புகழ்பெற்ற கால்நடைச் சந்தையை நடத்திவந்தது. சுற்றுவட்டாரத்துப் பணமெல்லாம் அங்கே கைமாறிற்று. எழுத்தாளர் எஸ்தேபானெஸ் கால்தெரோன் 1847இல் வெளியிட்ட ‘ஆந்தலூசியக் காட்சிகள்’ நூலில் சந்தைக்கெனத் தனிக் கட்டுரை வரைந்தபோது அவர் எடுத்துக்கொண்டதும் மைரேனாவையே. பின்னாளில் செவிலின் முத்திரைகளாகிப்போன குதிரைச் சவாரி, ஆடை அலங்காரம், ஆட்டம் பாட்டம் ஆகியவை அப்போது கிராமச் சந்தைகளின் சொத்தாக இருந்தன.

மனு எழுதிய இரு வெளியூர்க்காரர்கள்

1846இல் செவில் நகரமன்ற உறுப்பினர் இருவர், ஏப்ரலில் மூன்று நாள் கால்நடைச் சந்தை கூட்ட வேண்டுமென்று மனு அளித்தார்கள். ஒருவர் ஹோசே மரியா இபார்ரா. பாஸ்க் நாட்டின் பில்பாவோவில் பிறந்து செவிலில் வேரூன்றிய வணிகர். பின்னாளில் கோமான் பட்டம் பெற்றவர். மற்றவர் நார்சிசோ பொனாப்லாத்தா. கத்தலோனியாவின் பார்சலோனாவைச் சேர்ந்த தொழிற்சாலைக் குடும்பத்தவர். ஸ்பெயினில் நீராவி இயந்திரத்தைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்த முன்னோடிகளுள் அவருடைய குடும்பமும் ஒன்று. பார்சலோனாவில் இருந்த அவர்களுடைய ஆலை 1835 கலவரத்தில் எரிந்துபோனது. நார்சிசோ செவிலில் இரும்பு வார்ப்பாலை நிறுவினார். 1852இல் முடிவுற்ற திரியானா பாலத்தின் இரும்புப் பாகங்கள் அந்த ஆலையில் வார்க்கப்பட்டவை.

ஆந்தலூசியப் பண்பாட்டின் உச்ச வெளிப்பாடென்று இன்று போற்றப்படும் விழாவை முன்மொழிந்தவர் இருவருமே ஆந்தலூசியர் அல்லர். இச்செய்தியைப் பல நூல்கள் ஒரு சுவையான தகவலாக மட்டும் கூறி நகர்ந்துவிடுகின்றன. அதற்கு அதைவிட ஆழ்ந்த பொருள் உண்டு. பண்டிகை வேண்டுமென்று இவர்கள் கேட்கவில்லை. தொழில் வளர்ந்த வட பகுதிகளிலிருந்து வந்த கண்ணோட்டத்தோடு, தேங்கிக் கிடந்த ஒரு வேளாண் நகரத்தின் பொருளாதாரத்தை எப்படி முடுக்கிவிடுவது என்று யோசித்தார்கள். மைரேனா சந்தைக்குச் சற்று முன்னதாக வரும்படி நாட்களைக் குறித்ததும் வணிகக் கணக்கே.

அரசி இரண்டாம் இசபெல் 1847 மார்ச் 5 அன்று ஒப்புதல் அளித்தார். ஏப்ரல் 18 அன்று பிராதோ தே சான் செபாஸ்தியான் என்ற புல்வெளியில் முதல் சந்தை கூடியது. நகர மதிலுக்கு வெளியே, அரசுப் புகையிலை ஆலைக்கு அருகே இருந்த அந்த வெளிக்கு இருண்ட வரலாறு உண்டு. மத விசாரணை மன்றம் தண்டித்தவர்களை எரித்த மேடை அங்கேதான் இருந்தது; 1781இல் கடைசியாக ஒரு பெண்ணுக்கு அங்கே தீ மூட்டப்பட்டது. 66 ஆண்டுகள் கழித்து அதே வெளியில் 19 கொட்டகைகள் எழுந்தன. முதல் ஆண்டிலேயே 25,000 பேர் அளவுக்கு மக்கள் திரண்டதாகச் சொல்லப்படுகிறது. நகரத்தின் மக்கள்தொகை அப்போது ஏறத்தாழ ஒரு லட்சம் என்பதை எண்ணினால் அந்தக் கூட்டத்தின் அளவு விளங்கும்.

வணிகத்தை முந்திய ஆட்டம்

சந்தையின் வரலாற்றை எழுதியோர் தவறாமல் குறிப்பிடும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. இரண்டாம் ஆண்டிலேயே, பாடியும் ஆடியும் திரியும் செவில் ஆண்களாலும் பெண்களாலும் பேரம் பேசவே முடியவில்லை, காவலர்களைக் கூட்டித் தர வேண்டும் என்று நகரமன்றத்திடம் வேண்டுகோள் எழுந்தது. இந்த ஆய்வில் மிக முக்கியமான சான்று இதுவே. கொண்டாட்டம் வணிகத்தின் சிதைவிலிருந்து பிறக்கவில்லை. வணிகத்தோடு ஒரே நேரத்தில் பிறந்து, முதல் நாளிலிருந்தே இடத்துக்காக அதனோடு போட்டியிட்டது. மாடு வாங்க வந்தவன் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வந்தான். வெயிலுக்கு நிழல் தேடிக் கொட்டகை போட்டான். பேரம் படிந்ததும் ஒரு கோப்பை மதுவைப் பகிர்ந்துகொண்டான். அந்தக் கொட்டகையில் கிதார் ஒலித்தபோது விழாவின் விதை விழுந்துவிட்டது.

ஜிப்சி மக்களின் பங்கு இங்கே தனியாகப் பதிவுபெற வேண்டியது. 1749இல் ஸ்பெயின் அரசு அவர்களைக் குடும்பம் குடும்பமாகக் கைதுசெய்து அடைத்தது. 1783இல் மூன்றாம் கார்லோஸ் மன்னரின் ஆணைதான் விரும்பிய ஊரில் வாழவும் விரும்பிய தொழில் செய்யவும் அவர்களுக்கு வழிவிட்டது. கால்நடைத் தரகும் கழுதைகளுக்கு மயிர் கத்தரிப்பதும் அவர்கள் கைவந்த தொழில்கள். எனவே 1847இன் சந்தையில் அவர்கள் தொடக்கம் முதலே இருந்தார்கள். ஜிப்சிப் பெண்கள் எண்ணெய்ச் சட்டி வைத்து மாவுப் பணியாரம் பொரித்து விற்றார்கள். அந்நாளைய ஓவியங்களிலும் பயணக் குறிப்புகளிலும் அந்தப் பணியாரக் கடைகள் தவறாமல் இடம்பெறுகின்றன. பிற்கால விழாவின் ஆடையும் இசையும் பெரிதும் இந்தச் சமூகத்துக்குக் கடன்பட்டவை. கைது முகாமிலிருந்து விடுபட்ட ஒரு மக்களின் தோற்றமே இரண்டு நூற்றாண்டுக்குள் நாட்டின் முகமாகிவிட்டது. அந்தக் கடன் விழா மேடைகளில் இன்னும் போதிய அளவு ஒப்புக்கொள்ளப்படவில்லை.

மறுபக்கம் அரசகுடும்பமும் வந்து சேர்ந்தது. 1848 புரட்சியில் பிரெஞ்சு அரியணையை இழந்த லூயி பிலிப்பின் மகன் மொன்பன்சியே கோமகன், ஸ்பெயின் அரசியின் தங்கை லூயிசா ஃபெர்னாந்தாவின் கணவர். இவர்கள் செவிலில் குடியேறி, சந்தைத் திடலுக்கு அருகிலிருந்த சான் தெல்மோ மாளிகையைத் தம் அரண்மனையாக்கிக்கொண்டார்கள். புனித வார ஊர்வலங்களையும் சந்தையையும் ஆதரித்தார்கள். அவர்கள் வந்து உட்காரும் இடமானதும் உயர்குடியினர் அனைவரும் அங்கே தலைகாட்ட விரும்பினர். ஓவியர் ஆந்த்ரேஸ் கோர்த்தேஸ் 1852இல் தீட்டிய சந்தை ஓவியம் இன்று பில்பாவோ நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாட்டு மந்தைகளும் நகரத்துக் கனவான்களும் ஒரே பரப்பில் கலந்து நிற்கும் அந்தப் படம், சந்தை இரு உலகங்களின் கூடுமிடமாக இருந்த தருணத்தைப் பிடித்து வைத்திருக்கிறது.

அந்தத் தருணம் நீடிக்கவில்லை. 1859இல் செவில்–கோர்தோபா இரயில் பாதை திறந்தது. 1860களில் மத்ரித்தோடும் இணைப்பு கிடைத்தது. வெளியூர்ப் பயணிகள் குவிந்தார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் மெரிமேயின் ‘கார்மென்’ கதை 1845இல் வெளிவந்ததிலிருந்து ஐரோப்பிய வாசகர்கள் செவிலைப் பற்றிக் கனவு கண்டுகொண்டிருந்தார்கள். 1875இல் அதைத் தழுவிய பிசேயின் இசைநாடகம் அந்தக் கனவை இன்னும் பரப்பிற்று. கவிஞர் குஸ்தாவோ அதோல்ஃபோ பெக்கெர் 1869இல் பத்திரிகைக் கட்டுரையொன்றில், தான் பிறந்த ஊரின் சந்தையில் வெளிநாட்டு நாகரிகம் புகுந்து பழைய சாயல் மங்குவதாக வருந்தினார். சந்தைக்கு அப்போது வயது 22. பழைமை போய்விட்டதென்ற புலம்பல் விழா இளமையாக இருந்தபோதே தொடங்கிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

விளக்கு, வாயில், முகப்பு

1870கள் முதல் 1929வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டில் விழா தன் கண்ணுக்குத் தெரியும் உருவத்தைப் பெற்றது. முதலில் இரவு மாறியது. வெனிஸ் பாணிக் காகித விளக்குகள் 1870களில் வந்தன. இருட்டியதும் கலைந்துவிட்ட கால்நடைச் சந்தை, இருட்டிய பின்னும் தொடரும் கூட்டமாயிற்று. வணிகத்துக்கு வெளிச்சம் பெரிதாகத் தேவையில்லை. மாட்டின் பல்லைப் பார்க்கப் பகல் போதும். இரவுக்கு விளக்கேற்ற நகரம் செலவிடத் தொடங்கியதிலிருந்தே கொண்டாட்டம் சந்தையின் துணைப்பொருளாக இருந்த நிலை முடிந்துவிட்டது.

அடுத்து வாயில். 1896இல் பொறியாளர் தியோனிசியோ பேரெஸ் தோபீயா திட்டமிட்ட இரும்பு நடைமேம்பாலம் பிராதோவின் நுழைவில் எழுந்தது. நான்கு புறமிருந்தும் படியேறிக் கடக்கும்படி அமைந்த அந்தக் கட்டமைப்பை மக்கள் ‘பசரேலா’ என்று அழைத்தார்கள். சந்தை நாட்களில் அதன்மீது விளக்குகளை அடுக்கி அலங்கரித்ததும் அது விழாவின் அடையாளமாயிற்று. 1920களின் தொடக்கத்தில் அதை இடித்தார்கள். ஆனால் ஒளிரும் வாயிலின் வழியே விழாவுக்குள் நுழைய வேண்டுமென்ற பழக்கம் நிலைத்துவிட்டது. இன்று ஆண்டுதோறும் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்து எழுப்பும் பெரும் வாயில் அந்தப் பழக்கத்தின் வாரிசு.

மூன்றாவது கொட்டகை. ஸ்பானியர் அதைக் ‘கசேத்தா’ என்பர். தொடக்கத்தில் ஆளுக்கொரு வடிவில் கட்டிய கூடாரங்களே இருந்தன. கிப்ரால்தரில் பிறந்து செவிலில் வாழ்ந்த ஓவியர் குஸ்தாவோ பக்காரீசாஸ் 1919இல் இவற்றுக்கு ஒரு பொது வடிவம் வகுத்தார். கோடு போட்ட கித்தான், முக்கோண முகப்புப் பலகை, அதில் பரோக் பாணி அலங்காரம் என்பது அவருடைய வரைவு. நகராட்சி விதிகள் அந்த வடிவத்தைப் போற்றிக் காத்துவருகின்றன. பச்சை–வெள்ளை, சிவப்பு–வெள்ளைக் கோடுகளாகத் திடல் முழுவதும் விரியும் ஒழுங்கு நாட்டுப்புறத்தின் தன்னியல்பான அழகென்று தோன்றும். அது ஓர் ஓவியரின் மேசையிலிருந்து வந்தது. அதனால் அதன் அழகு குறைந்துவிடவில்லை. ஒரு நகரம் தன் கலைஞனின் கற்பனையைத் தன் பழக்கமாகவே ஏற்றுக்கொண்டது என்பது பெருமைக்குரிய செய்தி.

விழா நாட்களும் நீண்டன. மூன்று நாள் சந்தை 1914இல் ஐந்து நாளாயிற்று. 1952இல் ஆறு நாள். டிராக்டரும் லாரியும் பண்ணைகளுக்கு வந்துசேர, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் கால்நடை வணிகம் தேய்ந்து மறைந்தது. வணிகப் பொருளாக இருந்த குதிரை, உலா வரும் அலங்காரமாகி மிஞ்சியது.

ஆடையின் பயணம்

விழாவின் மிகத் தெளிவான அடையாளம் பெண்களின் ஆடை. உடலோடு ஒட்டி, இடுப்புக்குக் கீழே கொசுவ அடுக்குகளாக விரியும் இந்த ஆடையின் மூலம், கால்நடைத் தரகர்களோடு வந்த ஜிப்சி, உழவர் குடும்பப் பெண்கள் வேலைக்கு உடுத்திய எளிய பருத்தி அங்கி. அதன் ஓரங்களில் அவர்கள் கொசுவம் தைத்து அழகு சேர்த்திருந்தார்கள். உயர்குடிப் பெண்கள் அக்காலத்தில் பாரிஸ் நாகரிக உடையிலோ, லேஸ் முக்காட்டிலோதான் சந்தைக்கு வந்தார்கள். மெல்ல மெல்ல, மாடு மேய்ப்பவரின் மனைவி அணிந்ததைக் கோமான் வீட்டுப் பெண்ணும் அணிய விரும்பினாள். 1929இல் செவிலில் நடந்த ஐபீரிய–அமெரிக்கக் கண்காட்சி உலகின் கண்களை நகரத்தின்மீது திருப்பியபோது, இந்த ஆடை விழாவுக்கு உரிய உடையாக முழு ஏற்பைப் பெற்றது.

சமூகப் படிநிலையில் ஆடைகள் பெரும்பாலும் மேலிருந்து கீழே இறங்கும். செல்வர் உடுத்தியதை எளியவர் பின்பற்றுவர். செவிலில் அது கீழிருந்து மேலே ஏறியது. ஆனால் ஆடை ஏறிய அளவுக்கு அதைத் தைத்துக் கொடுத்தவர்களின் சமூகநிலை ஏறவில்லை என்பதையும் ஆய்வாளர் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தோளில் போர்த்தும் பட்டுச் சால்வையின் கதை இன்னும் தொலைவிலிருந்து வருகிறது. ‘மணிலா சால்வை’ என்ற பெயர் இருந்தாலும் அது சீனாவின் கான்டன் பகுதியில் பூத்தையல் போடப்பட்டு, மணிலாவிலிருந்து மெக்சிக்கோ செல்லும் ஸ்பானியக் கப்பல்கள் வழியாக வந்த பண்டம். அந்தக் கப்பல் வழி 1815இல் நின்றது. ஸ்பெயினுக்கு வந்தபின் அதற்கு நீண்ட குஞ்சங்கள் சேர்ந்தன. சீனப் பூக்களின் இடத்தில் ரோஜாவும் கார்னேஷனும் பூத்தன. இன்று அது ஆந்தலூசியப் பெண்மையின் அடையாளமாகக் கருதப்படுகிறது.

உலகின் வட்டார உடைகள் பெரும்பாலும் உறைந்துபோனவை. அருங்காட்சியகத்தில் இருப்பதுபோல் மாறாமல் உடுத்துவதையே பெருமையாகக் கொள்வார்கள். செவில் ஆடை அப்படியன்று. 1960களில் உலகமே குட்டைப் பாவாடைக்கு மாறியபோது இதன் விளிம்பும் முழங்காலை நோக்கி ஏறிற்று; பிறகு மீண்டும் கணுக்கால்வரை இறங்கியது. கை நீளமும் கொசுவத்தின் அகலமும் நிறமும் ஆண்டுக்காண்டு மாறுகின்றன. 1995இல் தொடங்கிய ஆடைக் கண்காட்சி ‘சிமோஃப்’ ஒவ்வொரு குளிர்காலத்திலும் புதிய வடிவங்களை அரங்கேற்றுகிறது. உள்ளூர்த் தையல்காரர்களுக்கும், காதணி, சீப்பு, துணிப்பூ செய்வோருக்கும் இது வாழ்வாதாரம்.

நடனத்துக்கும் இதே இயல்பு உண்டு. செவியானாஸ் காஸ்தீலின் செகிதீயா என்னும் பழைய ஆட்டப்பாட்டிலிருந்து கிளைத்தது. 18ஆம் நூற்றாண்டு நடனப் பள்ளிகள் அதற்குக் கைச்சுழற்சியும் காஸ்தனெட் தாளமும் கொடுத்து மெருகேற்றின. நான்கு பகுதிகளாக, இருவர் எதிரெதிரே நின்று ஆட, ஒவ்வொரு பகுதியும் சட்டென்று நிலைகொண்டு நிற்பதில் முடிகிறது. ஃபிளமெங்கோவின் சிக்கலான தாளங்கள் தேர்ந்த கலைஞர்க்குரியவை. செவியானாஸை நகரத்துக் குழந்தைகள் எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள். விழாவில் மேடையும் பார்வையாளரும் தனித்தனியே இல்லாமல் போனதற்கு இந்த எளிமை முக்கியக் காரணம். 1970, 80களில் இசைத்தட்டு நிறுவனங்கள் ஒவ்வொரு வசந்தத்துக்கும் புதிய பாடல்களை வெளியிட்டன. 1992இல் இயக்குநர் கார்லோஸ் சவுரா ‘செவியானாஸ்’ என்ற பெயரிலேயே படமெடுத்தார்.

திறந்த தெரு, மூடிய வாசல்

இந்த விழாவில் தெரு எல்லோருக்கும் பொது. கொட்டகை அப்படியன்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கசேத்தாக்களில் பெரும்பாலானவை தனியாருக்குரியவை: குடும்பங்கள், நண்பர் குழுக்கள், தொழிற்சங்கங்கள், நிறுவனங்கள், மன்றங்கள். வாசலில் காவலர் நிற்பார். உறுப்பினரோ அழைக்கப்பட்டவரோதான் உள்ளே போகலாம். உரிமம் நகராட்சியுடையது, ஆனால் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தும் பழைய உரிமையாளர் தம் இடத்தை இழப்பது அரிது. புதிதாகக் கேட்பவர்கள் பல ஆண்டுகள் காத்திருக்கிறார்கள்.

கசேத்தாவின் உள்ளமைப்பு இந்த உறவைத் தெளிவாகக் காட்டுகிறது. தெருவை நோக்கிய முன்பகுதி வரவேற்பறை போன்றது: ஓவியங்கள், கண்ணாடிகள், வண்ண நாற்காலிகள், ஆடுவதற்கு மரத்தளம். பின்பகுதியில் சமையலறையும் மதுக்கூடமும். வீட்டின் முன்கூடத்தை ஒரு வாரத்துக்குத் தெருவில் கொண்டுவந்து வைத்ததுபோல் இது அமைகிறது. சென்றவர் உண்பதற்குப் பன்றித்தொடை, முட்டைப் பணியாரம், பொரித்த மீன் என எல்லாம் வந்துகொண்டே இருக்கும். சான்லூக்கார் தே பார்ரமேதாவின் மன்சனீயா மதுவும், அதில் எலுமிச்சை சோடா கலந்த ‘ரெபுஹீத்தோ’வும் பரிமாறப்படும். அந்தக் கலவைகூட 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய வழக்கமே. உபசரிப்பு மனமுவந்தது; ஆனால் அதற்கு முன் யாராவது அழைக்க வேண்டும்.

இந்த மூடிய வாசலை ஆந்தலூசியப் பண்பின் தவிர்க்க முடியாத கூறென்று சிலர் வாதிடுவர். அண்டை நகரங்களைப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது. கோர்தோபாவின் மே மாதச் சந்தையிலும் ஹெரெஸ் குதிரைச் சந்தையிலும் கொட்டகைகள் பெரும்பாலும் யாவர்க்கும் திறந்தவை. ஆடையும் ஆட்டமும் மதுவும் ஒன்றே. வாசல் மட்டும் வேறு. அப்படியானால் மூடிய வாசல் பண்பாட்டின் விளைவன்று; செவில் நகரத்தில் நிலமும் செல்வமும் குடும்ப உறவுகளும் ஒன்றோடொன்று பின்னிய வரலாற்றின் விளைவு. பெருநிலக்கிழார்களும் வணிகரும் 19ஆம் நூற்றாண்டில் தங்களுக்கெனப் பிடித்துவைத்த இடங்கள் தலைமுறை வழியாகக் கைமாறி வந்திருக்கின்றன. நகராட்சியின் வட்டாரக் கொட்டகைகளும், கட்சிகளும் தொழிற்சங்கங்களும் நடத்தும் சில கொட்டகைகளும் யாரையும் உள்ளே விடுகின்றன. வெளியூரிலிருந்து வருபவர் பெரும்பாலும் இவற்றிலேயே ஆடுகிறார். விழாவின் ஜனநாயகம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை அளக்க, இத்தகைய திறந்த கொட்டகைகளின் எண்ணிக்கையைக் காலவாரியாக ஆராய்வதே சரியான வழி என்பது என் கருத்து.

ஆற்றைக் கடந்தும் நாட்டைக் கடந்தும்

நகரம் வளர்ந்து பிராதோவைச் சூழ்ந்துகொண்டது. போக்குவரத்து நெருங்க, கொட்டகைக்கு இடம் போதாமல் போனது. 1972 சந்தைதான் அங்கே கடைசி. 1973இல் விழா ஆற்றைக் கடந்து லோஸ் ரெமேதியோஸ் திடலுக்குக் குடிபெயர்ந்தது. புதிய இடத்தின் தெருக்களுக்குக் காளைப்போர் வீரர்களின் பெயர்களைச் சூட்டினார்கள். ஹோசெலீத்தோ, ஹுவான் பெல்மோந்தே, ஹித்தானீயோ தே திரியானா ஆகிய பெயர்கள் ஆண்டுக்கு ஒரு வாரம் மட்டும் அஞ்சல் முகவரிகளாகின்றன. அருகில் இராட்டினங்களும் விளையாட்டுகளும் நிறைந்த பகுதிக்கு, அதன் இரைச்சலால், ‘நரகத் தெரு’ என்று பெயர். புதிய மண்ணில் விழா பொலிவிழக்குமென்று அஞ்சியவர்கள் இருந்தார்கள். ஆனால் 125 ஆண்டுப் பழக்கம் ஒரே இடப்பெயர்ச்சியில் புதிய இடத்தில் வேர்விட்டது. விழா ஓர் இடத்தின் சொத்தாக இருந்ததைவிட ஒரு சமூகத்தின் செய்முறையாக இருந்தது என்பதை இந்த இடமாற்றம் நிரூபித்தது.

அதே காலத்தில் விழா இன்னொரு பயணமும் தொடங்கியது. 1950கள் முதல் 1970கள்வரை ஆந்தலூசியாவிலிருந்து இலட்சக்கணக்கானோர் வேலை தேடிக் கத்தலோனியாவின் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். பார்சலோனாவின் புறநகர்களில் குடிசைகளும் அடுக்குமாடிகளுமாகக் குடியேறிய அம்மக்கள் 1970களின் தொடக்கத்தில் காஸ்தெல்தெஃபெல்ஸில் தங்களுக்கென ஏப்ரல் சந்தையைக் கூட்டினார்கள். 1982இல் அவர்களுடைய பண்பாட்டு மன்றங்கள் ஒரு கூட்டமைப்பாயின. பல திடல்கள் மாறிய அந்தச் சந்தை இன்று பார்சலோனாவின் கடற்கரையோர ஃபோரும் பூங்காவில் கூடுகிறது. ஆந்தலூசியாவுக்கு வெளியே ஒரு வட்டார மரபைக் கொண்டாடும் பெரும் சந்தைகளுள் அது ஒன்று. அங்கே கொட்டகைகளுக்குள் யாரும் போகலாம். ஊரை விட்டு வந்தவர்கள் தாம் ஏங்கிய விழாவை மீட்டெடுத்தபோது மூடிய வாசலை விட்டுவிட்டார்கள். செவிலில் நுழைய முடியாத உழைப்பாளியின் மகள், பார்சலோனாவில் எந்தக் கொட்டகையிலும் ஆடலாம்.

1846இல் ஒரு கத்தலோனியர் செவிலுக்கு ஒரு சந்தையைக் கொடுத்தார். ஒன்றேகால் நூற்றாண்டு கழித்து ஆந்தலூசியத் தொழிலாளர்கள் அதைக் கத்தலோனியாவுக்குக் கொண்டுபோனார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கருத்தில் கொள்ளாமல் ஸ்பெயினின் வட்டார மரபுகளை மூடிய பெட்டிகளாகப் பார்ப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது.

நாட்களைப் பற்றிய விவாதம்

கோவிட் பெருந்தொற்றின் காரணமாக 2020, 2021 ஆண்டுகளில் சந்தை கூடவில்லை. 2022இல் மீண்டும் கூடியது. அதற்கு முன்பே விழாவின் நாட்களைப் பற்றி நகரம் இரண்டுபட்டிருந்தது. 2016இல் மக்களிடம் கருத்துக் கேட்டபின், 2017 முதல் விழா சனிக்கிழமை தொடங்கி அடுத்த சனிக்கிழமை வரை நீண்டது. வெளியூர்ப் பயணிகளும் விடுதிகளும் பயன்பெறும் என்பது அதன் கணக்கு. கொட்டகை நடத்துவோருக்கோ செலவும் களைப்பும் கூடின. 2024இல் கொட்டகை உரிமையாளர்களிடம் மீண்டும் கருத்துக் கேட்டபோது சிறு வித்தியாசத்தில் பழைய குறுகிய முறை வென்றது. 2025இல் விழா மீண்டும் செவ்வாயிலிருந்து ஞாயிறு வரை நடந்தது. அதற்கு முந்தைய இரவு பொரித்த மீன் விருந்து.

இரண்டு கருத்துக்கேட்புகளிலும் கேட்கப்பட்டவர்கள் ஒரே தரப்பினர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். முதலாவதில் நகர மக்கள் பேசினார்கள். இரண்டாவதில் கொட்டகை உரிமையாளர்கள் பேசினார்கள். விழா யாருடையது என்ற கேள்விக்கு நகரம் எட்டு ஆண்டு இடைவெளியில் இருவேறு விடைகளைத் தந்திருக்கிறது.

முடிவுரை

செவில் ஏப்ரல் சந்தையின் வரலாறு மூன்று முடிவுகளைத் தருகிறது. முதலாவது, விழாவின் தொன்மை என்பது தோற்றமே. அதன் கூறுகளில் பெரும்பாலானவை 1847க்கும் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் இடையில் தேதியிட்டு வந்தவை. இரண்டாவது, தோற்றுவித்தவர்களின் நோக்கம் விழாவின் போக்கைத் தீர்மானிக்கவில்லை. வணிகம் பேச வந்த இடத்தில் ஆடிப் பாடிய முகமறியா மக்களே அதன் உண்மையான நிறுவனர்கள்; அவர்களுள் ஜிப்சிகளுக்கும் உழைக்கும் பெண்களுக்கும் முதலிடம் தர வேண்டும். மூன்றாவது, ஆடை, நடனம், திடல், நாட்கள் ஆகிய அனைத்தும் மாறியும் மாறாமல் எஞ்சியிருப்பது கசேத்தாவின் வாசல் மட்டுமே. அதுதான் விழாவின் மிகப் பழைய கூறு. இன்றும் தீராத சிக்கலும் அதுவே.

மரபுகள் அண்மையில் உருவானவை என்று காட்டுவது அவற்றைச் சிறுமைப்படுத்துவதாகச் சிலர் கருதுகிறார்கள். செவிலின் சான்று அதற்கு எதிரானது. ஒரு விழாவைத் தாமே செய்தோம் என்று அறிந்த மக்களுக்கு அதைத் திருத்தவும் உரிமை உண்டு. 19 கொட்டகைகள் ஆயிரமாக வளர்ந்தது, பிராதோவை விட்டு ஆற்றைக் கடந்தது, பார்சலோனாவில் வாசலைத் திறந்தது ஆகியவை எல்லாம் அந்த உரிமையைப் பயன்படுத்தியதன் விளைவுகள். திறந்த கொட்டகைகளைப் பெருக்க வேண்டுமென்ற கோரிக்கையை மரபுக்கு எதிரானது என்று தள்ளிவைக்க வரலாற்றில் இடமில்லை. 1847இல் வணிகரின் வேலியைத் தாண்டி உள்ளே வந்து ஆடியவர்களின் வழியே அந்தக் கோரிக்கையும் வருகிறது. விழாவின் அடுத்த மாற்றம் வாசலில் தொடங்குமானால், அது அதன் முதல் ஆண்டின் தொடர்ச்சியாகவே அமையும்.